கடப்பாரையா, பொக்லைனா, கருவியா? நீலகிரிச் சரிவில் பள்ளம் எடுக்குமுன் ஓர் ஒப்பீடு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் மண் வேலை தொடங்கிவிடும். மழையில் சரிந்த தடுப்புச்சுவருக்கு அடித்தளம், சமையலறைக் கழிவுநீருக்குப் புதுக் குழாய், சாலையோரத்திலிருந்து வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக எல்லாரும் பள்ளம் எடுக்கிற காலம் அது. கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து பிழைப்பவன் என்பதால், இந்த மாதங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் விட்டுத் தோண்டலாமா, பொக்லைன் வைக்கலாமா?" கேட்பவர்கள் கூலியையும் வண்டி வாடகையையும் ஒப்பிட்டு, விடையை ஏறக்குறைய முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். அந்த மண்ணுக்குள் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் குடிநீர்க் குழாய்க்கும், மின்வாரியத்தின் புதைவடத்துக்கும், ஃபைபர் கேபிளுக்கும் அந்தக் கணக்கில் இடமே இருப்பதில்லை.

பேச்சு காற்றில் போகாமலிருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்திலிருந்து வீடு வரை 40 மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம். முதல் சில மீட்டர்கள் சாலையோர நிலத்திலும், மீதி சொந்தப் பட்டா நிலத்திலும் போகின்றன. இந்தப் பக்கங்களில் வீட்டுக்காரர் ஒருவர் எடுக்கும் வழக்கமான பள்ளம் இவ்வளவுதான். இதற்கு நான்கு வழிகள் உண்டு: முழுவதும் கையால் தோண்டுவது, பொக்லைன் அல்லது ஜேசிபி வைப்பது, தேடும் கருவியால் தடம் பார்த்துவிட்டுத் தோண்டுவது, தோண்டுவதையே குறைப்பது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பது. சமவெளியில் இதற்கு ஓரளவு நம்பகமான விடை கிடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1255 விதித்தொகுப்பு, வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தப் புதைவடம் 0.75 மீட்டர் ஆழத்திலும், 3.3 முதல் 11 கிலோவோல்ட் வரையிலான வடம் 0.90 மீட்டரிலும், 22 மற்றும் 33 கிலோவோல்ட் வடம் 1.05 மீட்டரிலும் கிடக்க வேண்டும் என்கிறது. தொலைத்தொடர்பின் நெடுந்தூர ஃபைபர் கேபிளுக்குச் சாதாரண மண்ணில் 1.65 மீட்டர் என்பது நெடுநாளைய நடைமுறை. பாறை குறுக்கிட்டால் ஆழத்தைக் குறைத்து மேலே கான்கிரீட் போடுவார்கள். நமது எடுத்துக்காட்டுப் பள்ளத்தின் 90 செ.மீ. ஆழம், வீட்டு மின்வடத்தின் மட்டத்தைத் தாண்டி 11 கிலோவோல்ட் வடத்தின் மட்டத்தில் போய் நிற்கிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

மலையில் இந்த எண்கள் புதைத்த அன்றைய கணக்கு மட்டுமே. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் இங்கே ஒவ்வொரு சமதளமும் உருவாகிறது. ஒருவர் வாகனம் நிறுத்த மேட்டை வெட்டினால், அங்கே 90 செ.மீ. ஆழத்தில் கிடந்த குழாய் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே வந்துவிடுகிறது. அதே மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டினால், அங்கிருக்கும் குழாய் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடுகிறது. மழையில் மேல்மண் கரைவதும், சாலையோர வடிகாலைப் புதிதாக வெட்டுவதும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஆழம் மட்டுமல்ல, தடமும் இங்கே ஏமாற்றும். கொண்டை ஊசி வளைவுகளுள்ள சாலையில் குழாயும் கேபிளும் சாலையோடு சேர்ந்து வளைவதாக நினைத்துக்கொள்கிறோம். போட்டவர்களோ செலவு மிச்சமென்று தேயிலைத் தோட்டத்தின் குறுக்கே நேராக மேல்வளைவிலிருந்து கீழ்வளைவுக்கு இறக்கியிருப்பார்கள். ஆகவே, சாலையிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது.

இரண்டாவது அளவுகோல் சரிவின் உறுதி. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் லவ்டேல் காந்தி நகரில், தடுப்புச்சுவருக்காக மண் எடுத்த இடத்தில் பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தபோது, அது மழைக்காலம்கூட இல்லை. குழாய் உடைவது இந்த அளவுகோலோடு நேரடியாகத் தொடர்புடையது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ என்ற கணக்கில் நீரின் அழுத்தம் கூடுகிறது; தொட்டி 80 மீட்டர் மேலே மேட்டில் இருந்தால், கீழ்வீட்டு வாசலில் குழாய்க்குள் எட்டு கிலோ அழுத்தம் நிற்கும். சமவெளியில் குழாய் உடைந்தால் தெருவில் தண்ணீர் தேங்கும். இங்கே அது திறந்த பள்ளத்துக்குள் பாய்ந்து, வெட்டிய மண்ணை ஊறவைத்து, கீழ்வீட்டுச் சுவரின் மேல் தள்ளும்.

மூன்றாவது, தோண்டிய மண் போகும் இடம். நமது பள்ளத்தின் மண் 16 கன மீட்டர். தோண்டி எடுத்ததும் அது கால் பங்கு உப்பிச் சுமார் 20 கன மீட்டர், அதாவது நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் ஏழு யூனிட் ஆகிவிடும். இதைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். சரிவு நிலத்தில் அப்படி ஓர் இடம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மற்றவை எளியவை: அனுமதி, காலம், பணம், ஏதாவது அறுபட்டால் யார் பொறுப்பு என்பது. கடைசியானதைச் சிறிது என்று நினைக்க வேண்டாம். தொலைத்தொடர்புக் கட்டமைப்பைச் சேதப்படுத்துவோர் இழப்பீடு தருவதோடு 50 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உள்ளாகலாம் என்று 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது. வண்டிக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். விசாரித்து வருபவர்கள் தேடுவது பள்ளம் யாருடையது என்பதைத்தான்.

## எந்த வழியானாலும் தவிர்க்க முடியாத விசாரிப்பு

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஒரு படி இருப்பதால், அதை ஒப்பீட்டுக்கு வெளியே வைக்கிறேன். ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற கைப்பேசிச் செயலியைத் தொடங்கியது. தோண்டப்போகும் இடத்தையும் நாளையும் அதில் பதிந்தால், அந்த இடத்தில் கட்டமைப்பு வைத்திருக்கும் பதிவுபெற்ற நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஒருங்கிணைப்பில்லாத தோண்டல்களால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்பது, அந்தச் செயலியைக் கொண்டுவந்தபோது அரசே சொன்ன காரணம். ஃபைபர் கேபிளுக்கு இது நல்ல வழி. புதைவடத்துக்கு உங்கள் பகுதியின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, லைன்மேன் ஒருவரை இடத்துக்கு வரச் சொல்லிக் கேட்க வேண்டும். வெறும் தொலைபேசி விசாரிப்பு போதாது.

குடிநீர்க் குழாய்க்கு வரைபடத்தை நம்பிப் பயனில்லை. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் வரைபடம் கிடைத்தாலும், அதில் இருப்பது முதன்மைக் குழாய்கள்தாம். தெருவுக்குள் பிரிந்த குழாய்கள், பின்னாளில் மாற்றிப் போட்ட துண்டுகள், மூடிய வால்வுகள் ஆகியவை வாட்டர்மேனின் நினைவில் மட்டுமே உள்ளன. ஊற்றிலிருந்து ஹட்டிக்கும் (படுகர் ஊர்) எஸ்டேட் லைனுக்கும் (தொழிலாளர் குடியிருப்பு) வரும் தனிக் குழாய்கள் எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் ஏறாதவை. அவற்றை ஊர்ப் பெரியவர்களிடமும் எஸ்டேட் மேற்பார்வையாளரிடமும்தான் கேட்க வேண்டும். வாட்டர்மேனை அழைத்து வந்து, அவர் காட்டும் தடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பதைவிடக் குறைந்த செலவில் செய்யக்கூடிய பாதுகாப்பு வேலை எதுவும் எனக்குத் தெரியாது.

கோடு போடும்போது நிறத்தைப் பிரித்துப் போட்டால் நல்லது. அமெரிக்காவில் மின்சாரத்துக்குச் சிவப்பு, தகவல் தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, தோண்டப்போகும் எல்லைக்கு வெள்ளை என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்தால் வேலையாட்களுக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

## முதல் வழி: முழுவதும் கையால் தோண்டுவது

சாதாரண மண்ணில் ஓர் ஆள் நாளொன்றுக்கு மூன்று கன மீட்டர் தோண்டுவார் என்பது மதிப்பீட்டுக் கணக்கு. அதன்படி நமது பள்ளத்துக்கு ஐந்தரை ஆள்நாள் போதும். ஆனால் இங்குள்ள இறுகிய செம்மண்ணிலும் உருண்டைப் பாறைகளுக்கிடையிலும் அந்தக் கணக்கு செல்லாது. கவனமாகத் தோண்டச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு ஆள்நாள் என்றே நான் எழுதுவேன். நான்கு பேர் மூன்று நாள் வேலை.

இந்த வழியின் பெரிய பலம் வேகக் குறைவுதான். நீலகிரியின் மேல்மண் கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமான அடிமண். முன்பு ஒருமுறை யாராவது தோண்டி மூடிய இடத்தில் இவ்விரண்டும் கலந்து, புள்ளி புள்ளியாக, கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும். கையில் மண்வெட்டி வைத்திருப்பவருக்கு இது அந்தக் கணமே தெரியும். அடுத்துச் சன்ன மணல் தட்டும். அதற்கு முன்போ பின்போ வரிசையாகச் செங்கல் வரும், அல்லது எச்சரிக்கை நாடா வரும். மின்வடத்தின் மேல் மணல் பரப்பி மூடுசெங்கல் வைப்பதே முறை என்பதால், இவை தற்செயலாக அங்கு வந்தவை அல்ல. என்னோடு வேலை செய்த மேஸ்திரி ஒருவர் புது ஆட்களுக்குச் சொல்லும் முதல் பாடமே, "செங்கல் வந்தா கடப்பாரையக் கீழ வெச்சிருங்க, எடுக்கச் சொன்னா மட்டும் எடுங்க" என்பதுதான். அதற்குப் பின் மண்வெட்டியும் கரண்டியும் கையும் மட்டுமே.

அந்த மேஸ்திரி கடப்பாரையைக் குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கையால் தோண்டுவது பாதுகாப்பானது என்பது பாதி உண்மை. செங்குத்தாக ஓங்கிக் குத்தும் கடப்பாரையும், தலைக்கு மேலிருந்து இறங்கும் பிக்காசும், ஒற்றை முனையில் மொத்த விசையையும் இறக்குகின்றன. மின்வடத்தின் காப்புறையைத் துளைக்க அது தாராளமாகப் போதும், பிடித்திருப்பவரோ இரும்பையே பிடித்திருக்கிறார். பொக்லைன் ஓட்டுநராவது ரப்பர் சக்கரத்தின் மேல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கோடு போட்ட தடத்துக்கு இருபுறமும் அரை மீட்டருக்குள் கடப்பாரையும் பிக்காசும் கூடாது. உலர்ந்த மரப்பிடி போட்ட மண்வெட்டியால், குழாய்க்கு நேர் மேலே அல்லாமல் பக்கவாட்டில் இறங்கி, மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரப்பர் காலணியில்லாமல் யாரையும் பள்ளத்தில் இறக்கக் கூடாது.

கையால் தோண்டுவதில் முதலில் செய்ய வேண்டியது சோதனைக் குழிகள். 40 மீட்டரையும் ஒரு முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போகாமல், சந்தேகமான இடங்களில் பள்ளத்தின் குறுக்காக முழங்கை நீளத்துக்கு நான்கைந்து குழிகள் எடுத்துப் பார்த்தால், அரை நாளில் நிலைமை விளங்கிவிடும். ஒரு குழியில் குழாய் தென்பட்டால் அடுத்த குழியிலும் அதைப் பாருங்கள். இரண்டு புள்ளிகள் கிடைத்தால்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

மறைந்திருக்கும் செலவு, நாட்கள். மூன்று நாள் திறந்து கிடக்கும் பள்ளத்துக்கு இரவில் தடுப்பும் விளக்கும் வேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இது மனிதர்களுக்காக மட்டுமல்ல. இரவில் காட்டெருமை இறங்கி வந்து பள்ளத்தில் விழுந்தால், அடுத்த நாள் வேலை வனத்துறையின் வேலையாகிவிடும். கோடைச் சாரல் ஒன்று திடீரென்று பெய்தால் பள்ளத்தின் பக்கங்கள் ஊறும் என்பதால், தார்ப்பாயும் கைவசம் இருக்க வேண்டும். மேலும் 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை வைத்து முட்டுக்கொடுக்காமல் ஆளை இறக்கவே கூடாது. அந்தச் செலவைச் சேர்த்தால் கைவேலை மலிவு என்ற பேச்சு அடங்கிவிடும்.

## இரண்டாம் வழி: பொக்லைன் அல்லது ஜேசிபி

இதே பள்ளத்தை ஜேசிபி அரை நாளில் முடித்துவிடும். ஈர்ப்பு அதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாடகையை மணிக்கணக்கில் பேசும்போது சொல்லாமல் விடப்படுபவை பல.

முதலாவது, அனுமதி. நீலகிரி மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியின்றிப் பொக்லைன், ஜேசிபி போன்ற இயந்திரங்களை இயக்கக் கூடாது. மீறினால் வண்டி பறிமுதலாகும். விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களைச் சேர்த்தால், அரை நாள் வேலை அரை நாளில் முடிவதில்லை. அனுமதியில்லாமல் இரவோடு இரவாக முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். சட்டத்தை விட்டுவிட்டாலும், விளக்கு வெளிச்சத்தில் மணலையும் செங்கலையும் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது, அகலம். பல வண்டிகளில் மாட்டியிருக்கும் வாளி இரண்டடி அகலம். நாம் கேட்டது 45 செ.மீ., கிடைப்பது 60 செ.மீ. மண் 16 கன மீட்டரிலிருந்து ஏறக்குறைய 22 ஆகிறது. உப்பிய பின் ஒன்பதரை யூனிட். மூடும்போது அத்தனையையும் திரும்ப இறுக்க வேண்டும். இறுக்காமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் அந்தப் பள்ளமே ஓடையாகிவிடும். அதோடு ஏறத்தாழ ஏழரை டன் எடையுள்ள வண்டி, புதிதாக நிரப்பிய விளிம்பில் நின்று வேலை செய்கிறது. கீழே கிடக்கும் பழைய குழாய்க்கு வாளியே படாமல், சக்கரத்தின் எடையால் மட்டும் இணைப்பு விட்டுப்போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கை மண்வெட்டி கேபிளை வெட்டினால், வெட்டிய இடத்தில்தான் சேதம். வாளியின் பற்கள் கேபிளை வெட்டுவதில்லை, கொக்கி போட்டு இழுக்கின்றன. ஃபைபர் கேபிளுக்குள் இருப்பவை முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகள் என்பதால், இழுபட்ட கேபிள் அறுந்த இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி இரு பக்கமும் உள்ளுக்குள் முறிந்திருக்கும். ஓர் இணைப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து வருபவர்கள், நீளத் துண்டையே மாற்றிவிட்டு இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் இழையாக உருக்கி ஒட்ட வேண்டியிருக்கும். என் வீட்டுக்கு மேலே உள்ள வளைவில் ஒருமுறை வாகன நிறுத்தத்துக்காக மண் எடுத்தபோது இப்படித்தான் நடந்தது. வாளி தூக்கியதை ஓட்டுநர் வேர் என்று நினைத்து இன்னொரு முறை இழுத்தார். அந்தப் பக்கத்துத் தெருக்களில் நான்கு நாட்களுக்கு இணையம் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குன்னூர்க் கடைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியானால் இயந்திரமே கூடாதா? பட்டா நிலத்தின் உட்பகுதியில், சோதனைக் குழிகளால் ஒன்றும் இல்லையென்று உறுதியான நீளத்தில், அகலமான பழைய சமதளத்தில், நூறு மீட்டருக்கு மேல் பள்ளம் என்றால், முறையான அனுமதியோடு மூன்று டன் அளவிலான சிறிய பொக்லைன் வைப்பது நியாயமே. பற்களில்லாத தட்டை விளிம்பு வாளியைக் கேட்டு வாங்குங்கள். வாளிக்கு முன்னால் ஓர் ஆள் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அந்த ஆளுக்குக் கை உயர்த்தினால் வண்டி நிற்கும் அதிகாரம் இருக்க வேண்டும். ஓட்டுநரிடம் இதை வேலை தொடங்குமுன் வீட்டுக்காரரே சொல்ல வேண்டும்.

## மூன்றாம் வழி: கருவியால் தேடிவிட்டுத் தோண்டுவது

கையில் பிடித்து நடக்கும் கேபிள் தேடும் கருவி ஒரு வகை. சக்கர வண்டிபோல் தள்ளிக்கொண்டு போகும் நிலத்தடி ரேடார் இன்னொரு வகை. இரண்டையும் இயக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்துதான் ஏறி வர வேண்டும். ஆகவே ஒரு மணி நேர வேலைக்கும் ஒரு நாள் கட்டணம், பயணச் செலவு தனி.

கருவி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற நினைப்புதான் இந்த வழியின் உண்மையான ஆபத்து. கேபிள் தேடும் கருவி, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைக் கேட்கிறது. மின்னோட்டம் ஓடாத கம்பி அதற்கு ஊமை. தெருவிளக்கின் புதைவடத்தில் பகலில் மின்னோட்டம் இருக்காது. ஆட்கள் தேடுவதோ பகலில். பூட்டிக் கிடக்கும் விருந்தினர் மாளிகைக்குப் போகும் வடத்திலும் இதே கதை. மூன்று கட்டங்களிலும் (ஃபேஸ்) சுமை சமமாக உள்ள வடத்தில் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திவிடும். இதற்கு மாற்றாக, தெரிந்த முனை ஒன்றில் சிறு அலைபரப்பியை இணைத்துச் சமிக்ஞை செலுத்தி, அதைப் பின்தொடர்வார்கள். கருவி கொண்டு வருபவரிடம் "அலைபரப்பியும் உண்டா?" என்று கேளுங்கள், இல்லையென்றால் பாதிக் கருவிக்குத்தான் முழுப் பணம் கொடுக்கிறீர்கள்.

பிவிசி, எச்டிபிஇ ஆகிய பிளாஸ்டிக் குழாய்களும், உலோகம் கலக்காத ஃபைபர் கேபிளும் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது, கூடவே ஒரு தடக்கம்பியை, அதாவது கருவி பின்தொடர்வதற்கான உலோகக் கம்பியை, புதைத்திருந்தாலன்றி. நம் தெருக் குடிநீர்க் குழாய்களில் அப்படிப் புதைத்ததை நான் கண்டதில்லை. ரேடாருக்குப் பிளாஸ்டிக் தெரியும், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் அலை உள்ளே போகுமுன்பே தேய்ந்துவிடும். உலர்ந்த மணலில் அழகாக வேலை செய்யும் கருவி, நம் செம்மண்ணில், அதுவும் மார்கழிப் பனி ஈரம் காயாத நேரத்தில், திணறுகிறது. நம் மண்ணுக்குள் உருண்டு கிடக்கும் சார்னோகைட் பாறைகள் ஒவ்வொன்றும் குழாய்போலவே திரையில் ஒரு வளைவைக் காட்டும். மாசி, பங்குனியில் மண் காய்ந்த பின் வரவழைப்பது ஓரளவு பயன் தரும்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இந்த வழியை நான் பரிந்துரைக்கும் இடங்கள் உண்டு. சாலையைக் குறுக்கே வெட்டுகிற வேலை, மின்மாற்றிக்கு அருகில் உள்ள வேலை, மருத்துவமனை, வங்கி, தொலைபேசி நிலையம் ஆகியவற்றின் ஓரமாகப் போகும் வேலை. இங்கெல்லாம் பெரிய வடங்கள் கூட்டமாக ஓடும். அறுபட்டால் வரும் செலவோடு ஒப்பிட்டால் கருவிக்கான கட்டணம் பெரிதாகத் தெரியாது. கேபிள் தேடும் கருவி "இருக்கிறது" என்று சொன்னால் நம்பலாம். எந்தக் கருவி "இல்லை" என்று சொன்னாலும், சோதனைக் குழிக்கு அது மாற்றாகாது.

உறிஞ்சுகுழாயால் மண்ணை இழுத்தெடுக்கும் லாரிகளும், மண்ணைத் திறக்காமல் கிடைமட்டமாகத் துளையிடும் எந்திரங்களும் பெருநகரங்களில் உண்டு. ஒரு வீட்டுப் பள்ளத்துக்காக அவற்றை மலையேற்றுவது கணக்கில் ஒத்துவராது என்பதால் இங்கே ஒதுக்கிவிடுகிறேன்.

## நான்காம் வழி: தோண்டுவதைக் குறைப்பது

குடிநீர் இணைப்பை இரும்புக் குழாயில் சுவரோரமாக மேலேயே கொண்டுபோகலாம். இணையக் கேபிளைக் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு இழுக்கலாம். கழிவுநீர்க் குழாயைச் சாலைப் பக்கம் விடாமல் சொந்த நிலத்தின் கீழ்ப்பக்கமாகத் திருப்பினால் 40 மீட்டர் 25 ஆகலாம். பார்வைக்கு அழகில்லை, வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும், குரங்குகள் கேபிளில் தொங்கும். ஆனால் எங்கே கசிகிறது என்பது தோண்டாமலே தெரியும். புதுச் சரிவிலும், தடுப்புச்சுவர் விரிசல் விட்டிருக்கும் இடத்திலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கையால் | பொக்லைன் / ஜேசிபி | கருவி + கை | தோண்டாமை |
|---|---|---|---|---|
| 40 மீட்டருக்கு நேரம் | 3 நாள், 4 பேர் | அரை நாள், அனுமதிக் காத்திருப்பு தனி | ஒரு நாள் தேடல் + 3 நாள் | ஒன்றிரண்டு நாள் |
| எடுக்கும் மண் | 16 கன மீ. | சுமார் 22 கன மீ. | 16 கன மீ. | மிகக் குறைவு |
| பிளாஸ்டிக் குழாய் தெரியுமா | தொட்டதும் தெரியும் | உடைந்த பின் தெரியும் | கேபிள் கருவிக்குத் தெரியாது. ரேடாருக்கு மண் உலர்ந்தால் | பொருந்தாது |
| பட்டால் சேதம் | சிறியது. கடப்பாரையென்றால் உயிராபத்து | பெரியது, நீளமானது | சிறியது | இல்லை |
| சரிவின் மேல் சுமை | குறைவு | மிக அதிகம் | குறைவு | இல்லை |
| மறைந்த செலவு | இரவுத் தடுப்பு, முட்டுப் பலகை | வண்டிப் பயண நேரம், மண் அகற்றல், இறுக்கல் | பயணக் கட்டணம், பொய்யான நிம்மதி | பராமரிப்பு |

## யாருக்கு எது

எடுத்துக்காட்டுப் பள்ளத்துக்கு என் முடிவு இது: சாலையோர நிலத்திலும் வேலி எல்லையிலும் சோதனைக் குழிகளோடு கைவேலை; பட்டா நிலத்தின் உள்ளேயும் கைவேலையே, ஏனெனில் மிச்சமிருக்கும் முப்பதுசொச்சம் மீட்டருக்காக அனுமதிக்கு அலைவதில் லாபமில்லை. பள்ளத்தின் பாதை தெருவிளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் போனால், அந்த இடத்துக்கு மட்டும் லைன்மேன் வரும் நாள்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எஸ்டேட்டிலோ, புதிதாக மனை பிரித்த இடத்திலோ நீளமான வேலை வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அவர்கள் முதலில் இருபது மீட்டருக்கு ஒன்றாகச் சோதனைக் குழி எடுத்து, சுத்தமான நீளங்களைப் பிரித்து, அங்கே மட்டும் சிறிய பொக்லைனைப் பயன்படுத்தலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையே பெரிய மழை என்பதால், அவர்களின் நல்ல மாதங்கள் வைகாசிக்கு முன்பே முடிந்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் புரட்டாசிக்குள் மூடிவிட வேண்டும். எந்த வழியானாலும், பள்ளம் திறந்திருக்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் செல்லாது. வேலையை நிறுத்தி மூடுவது ஒன்றே வழி.

## பட்டுவிட்டால், மூடுமுன்

மின்வடத்தில் கடப்பாரையோ வாளியோ பட்டுவிட்டால், மின்சாரம் தாக்கியவரைத் தொடாமல் முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை மேஸ்திரியின் கைப்பேசியில் முன்னரே ஏற்றி வையுங்கள். தீப்பொறி பறக்கவில்லை, விளக்கு எரிகிறது, உறையில் கீறல் மட்டும்தான் என்றாலும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கீறல் வழியாக ஈரம் மெல்ல இறங்கி, ஐந்தாறு மாதம் கழித்து அடைமழை இரவில் வடம் வெடிக்கும். அப்போது அதே இடத்தை மறுபடி தோண்டப்போவது வேறு ஆட்கள், இருட்டில்.

குடிநீர்க் குழாயில் மலை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பல தெருக்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். விடாத நாளில் கடப்பாரை குழாயில் இறங்கினால் ஒரு சொட்டும் வராது, யாருக்கும் தெரியாது. பள்ளத்தை மூடி, கல் பதித்து, கூலி கொடுத்து அனுப்பிய பின் தண்ணீர் விடும் நாளில் தரை ஊறத் தொடங்கும். அதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாகக் கழிவுநீர் உள்ளே போயிருக்கவும்கூடும். ஆகவே தோண்டும் நாளைத் தீர்மானிக்குமுன் தண்ணீர் விடும் நாளைக் கேளுங்கள். அந்த நாளில் தண்ணீர் முழு அழுத்தத்தில் ஓடி நின்ற பிறகே, குழாய் தென்பட்ட இடங்களை மூட வேண்டும்.

மூடுமுன் ஒளிப்படம் எடுங்கள். அதைவிட முக்கியம், அளவு எடுப்பது: வீட்டின் மூலையிலிருந்து இத்தனை மீட்டர், கேட் தூணிலிருந்து இத்தனை மீட்டர், மேல்மட்டத்திலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று, இடம் மாறாத இரண்டு புள்ளிகளிலிருந்து. உங்கள் புதுக் குழாய்க்கு மேலே ஒரு முழம் மண் போட்டதும் எச்சரிக்கை நாடாவை விரித்து, பிளாஸ்டிக் குழாயென்றால் கூடவே தடக்கம்பியாக ஒரு செம்புக் கம்பியையும் ஓடவிடுங்கள். அந்த அளவுத் தாளின் ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடும், இன்னொன்றை வாட்டர்மேனிடமும் கொடுத்து வையுங்கள்.